காவலூர் கண்ட மறைப்பு

வானொலி நேயர்களுள் பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்வோர் வாணியம்பாடியைக் கடந்திருப்பர். அதற்கு அருகே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உள்ளது. அங்கு நிகழ்ந்ததொன்றை இன்று நினைவுகூர்வோம்.

யுரேனஸ் கிரகம் துலா ராசியிலுள்ள மங்கிய விண்மீன் ஒன்றை 1977 மார்ச் 10 அன்று மறைக்கும் என ஆங்கிலேய அறிஞர் கார்டன் டெய்லர் 1973-லேயே கணித்திருந்தார். கணிப்பதோ எளிதன்று. யுரேனஸ் ஏறத்தாழ 270 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. விண்மீனின் இருப்பிடத்தில் ஒரு விகலை பிழைத்தாலும் நிழல் சுமார் 13,000 கிலோமீட்டர் விலகிவிடும். பூமியின் விட்டமே அதனினும் சற்றுக் குறைவுதான்!

நம் நாட்டில் அப்போது 11ஆம் தேதியின் பின்னிரவு. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியுடன் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விழித்திருந்தனர். கிரகம் மறைக்கும் வேளை வருமுன்னரே விண்மீனின் ஒளி சில விநாடிகள் சட்டெனக் குறைந்து மீண்டது. இது புதியதொரு துணைக்கோளின் வேலை என அவர்கள் கருதி, அவ்வாறே எழுதினர். ஓரிடத்தில் கண்ட ஒரு மங்கலுக்கு அதுவே இயல்பான விளக்கம். அவர்களைக் குறைகூற நாம் துணியோம்.

இந்துமாக் கடலின்மேல் விமானத்திலிருந்து நோக்கிய ஜேம்ஸ் எலியட் குழுவினர், கணித்த நேரம் பிழைபடுமோ என்றஞ்சி முன்கூட்டியே கருவியை இயக்கியிருந்தனர். அந்த அச்சமே பயன் தந்தது. மறைப்புக்கு முன் ஐந்து மங்கல்கள். பின்னரும் அதே இடைவெளிகளில் ஐந்து! துணைக்கோள்கள் இவ்வாறு இருபுறமும் ஒத்து நில்லா. எனவே அவை வளையங்கள் என்பது தெளிவாயிற்று. காவலூரில் பதிவானதும் அவற்றுள் ஒன்றே. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 அவ்வளையங்களை அருகிருந்து படமெடுத்தது.