மூன்று சீமைப் பேச்சு கூடும் கரிசல்

‘மாமா வந்தாக’ என்று மரியாதையோடு சொல்லும் திருச்சுழிப் பக்கத்துப் பெண், அதே மூச்சில் புஞ்சைக்குள் ஆட்டை விட்ட பயல்களைப் பற்றி ‘வந்தாய்ங்க, மேய்ச்சுட்டுப் போயிட்டாய்ங்க’ என்பார். முன்னது முகவை என்னும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் விகுதி. பின்னது மதுரைக்காரர் வாயில் புழங்குவது. இரண்டையும் ஆள் பார்த்து எடுத்தாள்கிறது அருப்புக்கோட்டையைச் சுற்றிய இந்த வானம் பார்த்த கரிசல் பூமி.

வடக்கே காரியாபட்டி வழியாக மதுரைப் பேச்சு. கிழக்கே நரிக்குடி வழியாக முகவைப் பேச்சு. தெற்கே பந்தல்குடி, எட்டயபுரம் என்று இறங்க இறங்க நெல்லை நடை தலைகாட்டும். தாமிரபரணிக் கரையை எட்டினால் ‘வந்தாக’ என்பது ‘வந்தாவ’ ஆகிவிடும். நீர்நிலையின் பெயரும் அப்படித்தான்: வடதமிழகத்தில் ஏரி, நெல்லையில் குளம், நம் பக்கம் கண்மாய்.

பேச்சின் எல்லையைக் கோடு போட்டுப் பார்க்க முயன்றவர் ஜெர்மனியின் மொழியியலாளர் கியோர்க் வெங்கர். 1876-இல் ரைன்லாந்துப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வாக்கியங்களை அனுப்பி, உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதித் தாருங்கள் என்றார். பளிச்சென ஒரே எல்லை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் விரிந்த விசிறியின் மடிப்புகள்போலக் கோடுகள் பிரிந்து ஓடின. கொலோன் நகரத்தார் கிராமத்தை வடக்கத்தியார்போல ‘டோர்ப்’ என்கிறார்கள். ‘செய்’ என்பதற்கோ தெற்கத்திச் சாயலில் ‘மாகெ’. அருப்புக்கோட்டைக்காரருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஆட்சிக் கோடுகள் வேறு வழியில் போகின்றன. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது; 1985-இல் அதிலிருந்து விருதுநகர் பிரிந்தது. மாவட்டப் பெயர் மாறியதற்காக யாரும் விகுதியை மாற்றிக்கொள்ளவில்லை. மண்ணின் கோடுதான் ஓரளவு ஒத்துவருகிறது. எழுத்தாளர் இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி வெளியிட்டபோது, மாவட்டத்தை அல்ல, கரிசலையே எல்லையாகக் கொண்டார். கோவில்பட்டிப் பக்கத்துச் சம்சாரி, அதாவது விவசாயி, காய்ந்த பருத்திச் செடியின் தண்டைப் ‘பருத்திமார்’ என்றால், அதை நம்மூர்ச் சம்சாரிக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் தமிழுக்குள் மட்டும். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் தேவாங்கர் வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் ரெட்டியார், கம்மவார், ராஜகம்பளத்தார் வீடுகளில் தெலுங்கு. பெரும்பாலும் எழுத்தில் ஏறாத கன்னடமும் தெலுங்கும் இவை. தாய் வாயிலிருந்து பிள்ளை காதுக்குப் போவதோடு சரி. படிப்பும் கணக்கு வழக்கும் தமிழில். கடைத்தெருவுக்கு வந்து ‘இங்கிட்டு வாங்கண்ணே’ என்று கூப்பிடும்போது, யார் வீட்டில் எந்த மொழி என்று வெளியூர்க்காரர் கண்டுபிடிப்பது சிரமம்.