பனிமலைச் சிற்றூரும் பதரி நாதன் கம்பளமும்

நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் வடநாட்டுத் திருப்பதிகளில் ஒன்றாக வைத்துப் போற்றப்பெறுவது திருவதரி என்னும் பதரிகாசிரமம். மூப்பு வந்து உடல் தளர்வதற்கு முன்னரே அவ்வதரியைச் சென்று வணங்குதல் வேண்டும் என்று நெஞ்சுருகப் பாடினார் திருமங்கையாழ்வார். அத்தலத்தைச் சேவித்து மீளும் தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் அலகநந்தையின் வேகத்தையும், வெந்நீர்க் குண்டத்தையும், நீலகண்ட சிகரத்தின் வெண்மையையும் வியந்து உரைப்பர். கோயிலுக்கு அப்பால் மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாணா என்னும் சிற்றூரைப் பற்றியோ, வியாச குகை, கணேச குகை, பீமன் பாலம் என்னும் அளவில் நிறுத்திவிடுவர்.

அவ்வூரின் தட்பவெப்பமும் குடிமக்கள் நிலையும் கும்பாபிஷேக மலருக்கு உரிய பொருளாகுமோ என்று அன்பர்கள் ஐயுறலாம். ஆகும் என்பதே எமது துணிபு. அவ்வூர்க் குடிகளின் கைப்பணி இன்றேல் பதரி நாதனின் ஆண்டு வழிபாடு நிறைவு பெறுவதில்லை.

மாணா கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. சரசுவதி எனப்படும் ஆறு அலகநந்தையோடு கூடும் கேசவப் பிரயாகை இவ்வூருக்கு அருகிலேயே அமைந்துள்ளது. வடக்கே நெடுந்தொலைவில் 5,600 மீட்டர் உயரத்தில் மாணாக் கணவாய் திபெத்தை நோக்கித் திறக்கிறது. இங்குக் கோடை குறுகியது. அக்குறுகிய காலத்தில் ஒரு போகமே விளையும். உருளைக்கிழங்கும், வாற்கோதுமை முதலிய மலைத் தானியங்களும் அப்பொழுதே விளைந்து அறுவடையாகிவிடல் வேண்டும். கார்த்திகை பிறக்கும்போதே வெண்பனி வாயிலை அடைக்கத் தொடங்கும். பின்னர் வரும் திங்கள்களில் வீடும் வழியும் பனியில் மூழ்கும்.

ஆகவே இவ்வூரின் மக்கள்தொகையைக் கேட்பவர்க்கு, எந்தப் பருவத்தில் என்று திருப்பிக் கேட்பதே முறையாகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல சான்று. நாடெங்கும் 2011 மார்ச்சு முதல் நாளைக் குறியாகக் கொண்டு மக்களை எண்ணிய அரசினர், இமயத்தின் பனி மூடும் பகுதிகளுக்கு மட்டும் 2010 அக்டோபர் முதல் நாளையே குறியாகக் கொண்டனர். மாணாவில் அக்கணக்கு ஏறத்தாழ 1,200 பேரைக் காட்டியது. மாசித் திங்களில் எண்ணச் சென்றிருப்பின் பூட்டிய கதவுகளையே எண்ணி வந்திருப்பர்!

இவ்வூரார் போட்டியர் என்னும் மலைக்குடியின் மார்ச்சா என்ற பிரிவினர். 1967இல் இக்குடி பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. ஆட்டின் முதுகில் தானியம் ஏற்றிக் கணவாயைக் கடந்து சென்று, திபெத்தின் உப்பையும் கம்பளியையும் வெங்காரத்தையும் கொண்டுவந்து விற்ற வணிகர் இவர்தம் முன்னோர். 1624இல் அந்தோனியோ தெ அந்திராதே என்னும் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் திபெத்திற்குச் சென்றதும் இக்கணவாயின் வழியேதான். குளிர்காலத்தில் ஆடு மாடுகளோடும் தறிகளோடும் கீழ்ப் பள்ளத்தாக்குகளுக்கு இறங்குவதும், வேனிலில் மீண்டும் ஏறுவதும் இவர்களது தொன்று தொட்ட வழக்கம்.

எம்பெருமானும் இவர்களோடு ஒத்தே வாழ்கின்றான் என்பது எண்ணியெண்ணி உருகத் தக்கது. கோயில் நடை சாத்தப்பெறும் நாள் விசயதசமியன்று குறிக்கப்பெறுகிறது. பெரும்பாலும் நவம்பர்த் திங்களில் அந்நாள் அமையும். அதன்பின் உத்தவர், குபேரர் திருவுருவங்கள் பாண்டுகேசுவரத்திற்கும், ஆதி சங்கரரின் பீடம் சோசிமடத்து நரசிம்மர் சந்நிதிக்கும் எழுந்தருளும். குடிகள் இறங்கும் காலத்தில் தெய்வமும் இறங்குகிறது. மூலவர் மட்டும் பனிக்குள்ளே தனித்து யோகத்தில் அமர்ந்திருக்கிறார்.

அத்தனிமையில் அவருக்குக் குளிருமே என்று முதலில் கவலையுற்றவர் யாரோ, அறியோம். அக்கவலைக்கு மருந்து செய்பவர் மாணாவின் கன்னியரே. அவர்கள் நல்லதொரு நாளில் ஒரே பகற்பொழுதுக்குள் கம்பளமொன்றை நெய்து தருகின்றனர். நடை சாத்தும் நாளில் அக்கம்பளம் நெய்யில் தோய்க்கப்பெற்று மூலவர்க்குச் சாத்தப்பெறுகிறது. வேனிலில் நடை திறக்கும்போது அதனைக் களைந்து, இழையிழையாகப் பிரசாதமாக வழங்குவர். அதில் நெய் உலராதிருப்பின் நாடு செழிக்கும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. வேதமோதும் இராவல் கேரளத்து நம்பூதிரி மரபினர். போர்வை நெய்பவரோ மலைக்குடிப் பெண்கள். தென்கோடியும் வடகோடியும் இப்பெருமான் திருமேனியில் அன்றோ கூடுகின்றன!

இத்தகைய ஊர்க்கு இடர் இரண்டு வந்தன. முதலாவது, 1962இல் எல்லைப் போரால் கணவாய் வணிகம் முற்றும் நின்றது. பன்னூறாண்டுத் தொழில் ஒரே பருவத்தில் அற்றது. ஆட்டு மந்தைகள் குறைந்தன. இளையோர் கல்வியையும் ஊதியத்தையும் நாடிக் கீழ்நாட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். உத்தராகண்ட மாநிலத்தில் 2011க்குப் பின் 734 ஊர்கள் ஆளின்றிப் போயின என்று அம்மாநிலக் குடிப்பெயர்ச்சி ஆணையம் 2018இல் தெரிவித்தது. மாணா அப்பட்டியலில் சேராது இன்னும் உயிரோடு விளங்குவதற்கு யாத்திரிகர் வரவும், அவர்கள் வாங்கிச் செல்லும் கம்பளித் துணிகளும் பெருந்துணை.

இரண்டாவது, இயற்கையின் சினம். 2025 பிப்ரவரி 28ஆம் நாள் மாணாவை அடுத்த முகாமில் தங்கிச் சாலைப்பணி செய்துவந்த 54 தொழிலாளர் பனிச்சரிவில் சிக்கினர். அவருள் எண்மர் உயிர் நீத்தனர். குளிரில் அம்மலையை விட்டிறங்கிய முன்னோரின் வழக்கம் அச்சத்தால் விளைந்ததன்று, அறிவால் விளைந்தது என்பதை அத்துயரம் நமக்கு உணர்த்தியது.

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டா என்பது நம் முதுமொழி. மாணாவை எண்ணுங்கால், குடியில்லா ஊரில் கோயில் எங்ஙனம் சிறக்கும் என்னும் வினாவும் உடன் எழுகின்றது. கோபுரம் புதுக்குவது நன்று. கலசம் ஏற்றுவது நன்று. ஆயினும் பூத்தொடுக்கும் கையும், விளக்கேற்றும் கையும், கம்பளம் நெய்யும் கையும் அவ்வவ்வூரில் நிலைத்து வாழ வகை செய்தலும் திருப்பணியே. இக்கும்பாபிஷேக நன்னாளில் நம்மூர்க் கைங்கரியக் குடிகளை நினைப்போர், பனிமலையில் பகவானுக்குப் போர்வை நெய்யும் அப்பெண்களையும் ஒருகணம் நினைப்பாராக. அவர்தம் தறி ஓயாதிருக்கப் பதரி நாதன் அருள் புரிவானாக!