புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் மக்கும் பாலிமர் நானோ துகள்கள்

மக்கும் பாலிமர் நானோ துகள்கள் என்பவை, உடலுக்குள் தாமே சிதைந்து மறையும் பாலிமரால் ஆன மருந்துத் துகள்கள். இவற்றின் விட்டம் பெரும்பாலும் 20 முதல் 200 நானோமீட்டர் வரை இருக்கும். புற்றுநோய் மருந்தைத் தம்முள் பொதிந்துகொண்டு, இரத்தத்தின் வழியே கட்டியைச் சென்றடைந்து, அங்கே அதை மெல்ல மெல்ல வெளிவிடுவதே இவற்றின் வேலை.

கீமோதெரபி மருந்து கட்டியை மட்டும் தேடிப் போவதில்லை. எலும்பு மஜ்ஜை, குடலின் உட்படலம், மயிர்க்கால் என வேகமாகப் பெருகும் செல்கள் உள்ள இடங்களையெல்லாம் தாக்குகிறது. பல மருந்துகள் தண்ணீரில் கரைவதும் இல்லை. 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பேக்லிடேக்சல் இதற்குத் தெளிவான சான்று. அதைக் கரைக்க, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் கிரெமோஃபோர் என்ற பொருளையும் ஆல்கஹாலையும் சேர்க்கிறார்கள். அந்தக் கிரெமோஃபோரே கடும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. அதனால் மருந்தை ஏற்றுவதற்கு முன்பே ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நோயாளி படும் துன்பத்தில் ஒரு பகுதிக்குக் காரணம் மருந்தல்ல, மருந்தைக் கரைத்த திரவம்!

இத்துறையில் அதிகம் பயன்படுவது லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் கோத்த பி.எல்.ஜி.ஏ. என்னும் பாலிமர். இந்தக் குடும்பத்துப் பொருள்கள் 1970களிலேயே அறுவை சிகிச்சையில் கரையும் தையல் நூலாகப் புழக்கத்துக்கு வந்துவிட்டன. உடலின் நீர், சங்கிலியின் எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. எஞ்சும் இரண்டு அமிலங்களும் உடலின் வழக்கமான வளர்சிதை மாற்றத்தில் சேர்ந்து, கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் வெளியேறுகின்றன. கரையும் வேகம் இரு அமிலங்களின் விகிதத்தைப் பொறுத்தது. சரிபாதி கலந்தது ஓரிரு மாதங்களில் சிதையும். லாக்டிக் அமிலம் கூடக் கூட நாள் நீளும். துகளின் அளவுக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய உருண்டைக்குள் உண்டாகும் அமிலம் வெளியேற வழியின்றித் தங்கி, சிதைவைத் தூண்டுவதால், உள்பகுதி மேற்பரப்பைவிட விரைந்து கரைகிறது. நானோ துகளிலோ அமிலம் எளிதில் கசிந்துவிடும்.

செய்முறை கேட்க எளிது. பாலிமரையும் மருந்தையும் டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானில் கரைத்து, பாலிவினைல் ஆல்கஹால் கலந்த நீரில் ஊற்றி, மீயொலியால் கலக்குவார்கள். நீர் பால்போல் வெளுக்கும். சில மணி நேரம் கிளறிக்கொண்டிருந்தால் கரைப்பான் ஆவியாகி, ஒவ்வொரு துளியும் திண்மத் துகளாக இறுகும். பிறகு மையவிலக்கியில் சுழற்றி, கழுவி, சர்க்கரை சேர்த்து உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைப் பொடி கிடைக்கும். சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். மேற்பரப்பை ஒட்டியிருக்கும் மருந்து, உடலுக்குள் போன முதல் சில மணி நேரத்திலேயே மொத்தமாகக் கொட்டிவிடக்கூடும். எல்லாத் தொகுதியும் ஒரே அளவில், ஒரே மருந்துச் சுமையோடு வருமாறு தொழிற்சாலையில் செய்வது அதைவிடக் கடினம்.

இரத்தத்தில் இறங்கிய துகளுக்குப் பகை நிறைய. மிகச் சிறியதைச் சிறுநீரகம் வடித்துவிடும். பெரியதை மண்ணீரல் பிடித்துவைக்கும். கல்லீரலின் விழுங்கு செல்கள் அளவு பாராமல் விழுங்கும். இதற்கு மாற்றாக, 1994இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் லாங்கரின் குழு பாலிமரின் மேல் பாலிஎத்திலீன் கிளைகால் இழைகளைப் போர்த்தி, எலிகளின் இரத்தத்தில் துகள்களை நீண்ட நேரம் சுற்றவிட்டது. கட்டியின் இரத்த நாளங்களில் இடைவெளி அதிகம் என்பதால் பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தேங்கும் என்பதை, 1986இல் ஜப்பானின் மட்சுமுராவும் மயேடாவும் காட்டியிருந்தார்கள். இத்துறை முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல் எழுந்தது. ஆனால் எலியின் கட்டியில் கண்ட கசிவு மனிதக் கட்டிகளில் அதே அளவுக்கு இருப்பதில்லை. நோயாளிக்கு நோயாளி, ஒரே உடலில் கட்டிக்குக் கட்டி அது வேறுபடுகிறது. எலிகளிலும்கூட நிலைமை பெருமைப்படும்படி இல்லை: பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைந்த பங்கின் இடைநிலை அளவு 0.7 சதவீதமே என்றது. பாலிமர் வேதியியல் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டது. கட்டிவரையிலான பயணம்தான் இன்னும் கைகூடவில்லை.

சந்தைக்கு வந்தவற்றைப் பார்த்தாலும் இது புரியும். 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லூப்ரான் டிப்போ, புராஸ்டேட் புற்றுநோய்க்கான லியூப்ரோலைடைப் பி.எல்.ஜி.ஏ. நுண்கோளங்களில் வைத்துத் தசையில் செலுத்துகிறது. ஓர் ஊசி ஒரு மாதம் வேலை செய்யும். 1996இல் வந்த கிளையடெல், பாலிஅன்ஹைட்ரைடால் ஆன சிறு வில்லை. மூளைக்கட்டியை அகற்றிய குழியில் எட்டு வில்லைகள் வரை அடுக்கி மூடுவார்கள்; ஒவ்வொன்றிலும் 7.7 மில்லிகிராம் கார்முஸ்டின் இருக்கும். இரண்டுமே நானோ துகள்கள் அல்ல. இருக்கும் இடத்திலேயே கரைபவை.

நரம்பில் ஏற்றும் வகையில் வழி திறந்தது, 2007இல் தென் கொரியாவில் ஒப்புதல் பெற்ற ஜெனெக்சால்-பி.எம். பாலிஎத்திலீன் கிளைகாலும் பாலிலாக்டைடும் இணைந்த நுண்திரளில் பேக்லிடேக்சலை வைத்திருப்பதால் இதற்குக் கிரெமோஃபோர் தேவையில்லை. வழக்கமான பேக்லிடேக்சலை உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் கொடுப்பது மரபு. இதன் முதல்கட்டச் சோதனையில் உடல் தாங்கிய உச்ச அளவு 390 மில்லிகிராம். கட்டிக்கு அதிகம் போய்ச் சேர்ந்ததைவிட, தீங்கான கரைப்பான் ஒழிந்ததே இங்கே நோயாளிக்குக் கிடைத்த உறுதியான ஆதாயம். புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் ஒரு புரதத்தைக் குறிவைத்து டோசிடேக்சலைச் சுமந்த பைண்ட்-014, 2012இல் பெரும் எதிர்பார்ப்போடு அறிமுகமானது. மனிதச் சோதனைகளின் முடிவு எதிர்பார்ப்பை எட்டவில்லை. அதை உருவாக்கிய நிறுவனம் 2016இல் திவாலானது.

அதன்பின் ஆய்வாளர்களில் ஒரு சாரார் துகளை விட்டு நோயாளியைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இரும்பு ஆக்சைடு துகள்களை முதலில் செலுத்தி, எம்.ஆர்.ஐ. படத்தில் யாருடைய கட்டிக்குள் அவை கசிகின்றன என்று பார்த்து, நானோ மருந்துக்கு உகந்தவர்களை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் முறை இப்படிச் சோதிக்கப்படுகிறது.