கப்பலேறிய டப்பாவும் அம்மாவின் மொட்டைமாடியும்

அக்கா டொராண்டோவுக்குக் குடிபோனப்ப, பாத்திரம் பண்டமெல்லாம் கப்பல்ல அனுப்பினோம். வீடு போய்ச் சேர ரெண்டு மாசம் ஆகும்னு சொல்லிட்டாங்க. அம்மா விடுவாங்களா? "பாத்திரம் போற பெட்டியில ஊறுகாயும் போகட்டும்"னு ஆவக்காய், நார்த்தங்காய், தக்காளித் தொக்குன்னு பதினெட்டு பாக்கெட் போட்டு ஒட்டினாங்க. ஆனா உடனே கட்டலை. எல்லாத்தையும் ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, மொட்டைமாடி ஆஸ்பெஸ்டாஸ் ரூமில் பதினஞ்சு நாள் வச்சிட்டாங்க. அதுவும் மே மாசத்தில்.

"கப்பல்ல கெடப்போறது இங்கயே கெட்டுரட்டும்டா"ன்னாங்க.

பதினஞ்சாம் நாள் பார்த்தா ஒரு தொக்கு பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக் கிடந்தது. அது குப்பைக்குப் போச்சு. மீதி பதினேழும் கப்பலேறிச்சு.

ரொம்ப நாள் கழிச்சு டப்பா உணவின் வரலாற்றைப் படிச்சப்ப தூக்கிவாரிப் போட்டது. அம்மா செஞ்ச அதே சோதனையை இருநூறு வருஷம் முன்னாடி லண்டன்ல ஒரு கம்பெனி செஞ்சிருக்கு! அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

கதை ஆரம்பிக்கிறது பிரான்ஸில். நிக்கோலா அப்பேர்னு ஒரு மிட்டாய்க்காரர். கண்ணாடி பாட்டிலில் உணவைப் போட்டு, கார்க் வச்சு இறுக்கி மூடி, வெந்நீரில் மணிக்கணக்கா கொதிக்கவிட்டார். மாசக்கணக்கில் கெடலை. 1810-ல் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு 12,000 ஃபிராங்க் கொடுத்தது. செய்முறையைப் புத்தகமாப் போட்டு எல்லாருக்கும் சொல்லணும்ங்கிறது நிபந்தனை. ஏன் கெடலைன்னு அவருக்கே தெரியாது. காற்றை வெளியேத்தினதால்தான்னு அன்னைக்கு எல்லாரும் நம்பினாங்க. கிருமி விஷயத்தை பாஸ்டர் விளக்க இன்னும் அம்பது வருஷம் இருந்தது.

அதே 1810-ல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். அதில் தகர டப்பாவும் இருந்தது. அந்த உரிமை பிரையன் டொன்கின், ஜான் ஹால் கைக்குப் போய், 1813 வாக்கில் லண்டன் பெர்மாண்ட்ஸியில் தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சது. முக்கிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் கடற்படை. கண்ணாடி கப்பல் ஆட்டத்துக்குத் தாங்காது, தகரம் தாங்கும்.

இங்கேதான் நம்ம மொட்டைமாடி வருது. டொன்கின் ஆட்கள் டப்பாவை மூடினதும் அனுப்பிட மாட்டாங்க. ஒரு சூடான அறையில், 90 முதல் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டில், ஒரு மாசம் வைப்பாங்க. நம்ம கணக்கில் 32-லிருந்து 43 டிகிரி. சென்னை மே மாசமேதான்! லண்டன்ல அந்த வெயிலுக்கு எங்கே போறது, அதனால அறையைச் சூடு பண்ணிக்கிட்டாங்க. உப்பின டப்பாவைக் கழிச்சிட்டு, மீதிக்குத்தான் கப்பல்.

அந்தக் காலத்து டப்பா எவ்வளவு தாங்கும்? 1824-ல் பாரி என்ற மாலுமி வடதுருவப் பக்கம் போன பயணத்தில் கொண்டுபோன கன்றுக்கறி டப்பா ஒண்ணு திறக்கப்படாமலே திரும்பி வந்தது. 1930-களின் கடைசியில் விஞ்ஞானிகள் அதைத் திறந்து பார்த்தாங்க. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கறி கெடலை.

அப்புறம் என்ன ஆச்சு? அவசரமும் மலிவும் வந்துச்சு.

1845-ல் சர் ஜான் ஃபிராங்க்ளின் எரிபஸ், டெரர் என்ற ரெண்டு கப்பலோடு ஆர்க்டிக் கிளம்பினார். சுமார் 8,000 டப்பாவுக்கான ஆர்டர் ஸ்டீஃபன் கோல்ட்னர் என்ற ஒப்பந்தக்காரருக்குப் போச்சு. மத்தவங்களைவிட அவர் விலை குறைச்சல். கப்பல் கிளம்ப இருந்ததோ ஏழே வாரம். இதில் ஒரு மாசம் சூடான அறையில் வச்சுப் பார்க்க நேரம் ஏது? மே 19-ல் கிளம்பின கப்பல்கள் திரும்பவே இல்லை. ஆர்க்டிக்குக்குள் போன 129 பேரில் ஒருத்தரும் பிழைக்கலை.

டப்பாதான் கொன்னதுன்னு சொல்ல முடியாது. 1980-களில் அங்கே புதைக்கப்பட்டவங்க உடலைச் சோதிச்சப்ப ஈயம் நிறைய இருந்தது, டப்பாவைப் பற்றவச்ச ஈயம்தான்னு பேச்சு எழுந்தது. பிந்தைய ஆய்வுகள் ஈயத்தை மட்டும் குற்றம் சொல்றதில்லை. பனி, பசி, நோய் எல்லாமும் இருந்தது.

ஆனா கோல்ட்னர் தப்பிக்கலை. இன்றைய ருமேனியாவில், டான்யூப் ஆற்றங்கரையில் கலாட்ஸ் ஊரில் அவருக்குத் தொழிற்சாலை இருந்தது. அங்கே மாடும் மலிவு, கூலியும் மலிவு. அங்கிருந்து வந்த டப்பாக்களை 1852 ஜனவரியில் கடற்படைக் கிடங்கில் திறந்து பார்த்தா பெரும்பாலானது அழுகல். நாற்றம் தாங்காம கல் தரையில் கிருமிநாசினி ஊத்த வேண்டியிருந்ததாம். பாராளுமன்றமே விசாரிச்சது. பெரிய பெரிய டப்பாவில் அடைச்சதும் ஒரு காரணம்னு தெரிஞ்சது. ஓரம் வெந்திருக்கும், நடுவில் சூடே போயிருக்காது.

நடுவில் எவ்வளவு சூடு போகுதுன்னு முறையா அளந்தது 1890-களின் பிற்பகுதியில்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பிரெஸ்காட், அண்டர்வுட் என்ற ரெண்டு பேர், டப்பாவுக்குள்ளேயே வெப்பமானியை வச்சுப் பார்த்தாங்க. சில கிருமிகளின் விதைத்துகள் கொதிநீரின் 100 டிகிரிக்கு அசையாது, அழுத்த நீராவியில் 121 டிகிரி வேணும்னு புரிஞ்சது. புளிப்பில்லாத உணவுன்னா டப்பாவின் நட்டநடுவிலும் குறைஞ்சது மூணு நிமிஷம் அந்தச் சூட்டுக்குச் சமமா கிடைக்கணும்ங்கிறதுதான் இன்றைய தொழிற்சாலைக் கணக்கு. 

இதைப் படிச்சு முடிச்ச வாரம் அக்கா போன்ல, "அரைக்கீரை மசியல் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு"ன்னா. அம்மா உடனே, "பாட்டில்ல போட்டு நல்லா கொதிக்கவச்சு மூடி அனுப்பிடலாம். மாடியில வச்சுப் பார்த்துட்டுதான்"னாங்க.

வேண்டாம்னேன். ஊறுகாயை உப்பும் புளிப்பும் எண்ணெயும் காப்பாத்துது. கீரையில் அந்தப் புளிப்பு இல்லை. காற்றில்லாத பாட்டிலுக்குள் வளர்ற பொட்டுலினம் கிருமி உப்பாமலும் இருக்கலாம், நாறாமலும் இருக்கலாம். மாடிச் சோதனை அதைப் பிடிக்காது.

"அப்ப குக்கர்ல வைக்கறேன்."

"பாட்டில் நடுவுல எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம்னு உனக்குத் தெரியுமாம்மா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எனக்கும் தெரியாது, அந்த மிட்டாய்க்காரனுக்கும் தெரியாது"ன்னு சிரிச்சாங்க.

கீரை போகலை. விதைப் பொட்டலம் அனுப்பலாமான்னு கேட்டாங்க. அதுக்கு வேற சட்டம் இருக்கும்மா, அதையும் பார்த்துட்டுச் சொல்றேன்னேன்.