கூஃபாவின் ஜவுளி வணிகர்

நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி மத்ஹபும் வழக்கில் உள்ளன. தொழுகை முதல் வாரிசுரிமை வரை ஹனஃபிகள் பின்பற்றும் சட்ட ஆய்வுக்கு அடித்தளமிட்ட இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள், வாழ்நாளெல்லாம் ஒரு ஜவுளிக் கடை நடத்தியவர் என்பது நம் இல்லங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. அவர்களின் கல்வியைப் பேசும் அளவுக்குக் கடையையும் பேசினால்தான் அவர்களின் வாழ்வு முழுமையாக விளங்கும் என நாம் கருதுகிறோம்.

நுஅமான் இப்னு ஸாபித் என்பது இயற்பெயர். ஹிஜ்ரி 80இல் (கி.பி. 699) கூஃபா நகரில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார்கள். அவர்கள் விற்றது 'கஸ்' எனும் துணி. பட்டும் கம்பளியும் கலந்து நெய்யப்படுவது. (ஆண்களுக்கு விலக்கப்பட்டது தூய பட்டு, இத்துணியை ஸஹாபாக்களில் சிலரே அணிந்துள்ளனர்.) இளமையில் அவர்களின் கால்கள் அறிந்த வழி கடைத்தெரு வழிதான். பேரறிஞர் ஷஅபீ (ரஹ்) ஒருநாள் அவர்களை நிறுத்தி, அறிஞர்களின் அவைக்கும் சென்று வருமாறு தூண்டினார்கள் என வரலாறு கூறுகிறது. பின்னர் ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் பயின்று, ஹிஜ்ரி 120இல் ஆசிரியர் மறைந்தபின் அவரது இடத்தில் அமர்ந்தார்கள். அப்போதும் கடை மூடப்படவில்லை.

அவர்களின் வார ஒழுங்கை மாணவர் ஒருவர் விவரித்த செய்தி நமக்குக் கிடைத்துள்ளது. முற்பகல் வெயில் ஏறும் நேரம் முதல் லுஹர் வரை கடைத்தெருவில் அமர்வார்கள். சனிக்கிழமை பாட அவையும் இல்லை, கடையும் இல்லை. வீட்டு வேலைகளுக்கும் சொத்துக்களின் மேற்பார்வைக்கும் உரிய நாள் அது. வெள்ளிக்கிழமை தோழர்களையும் மாணவர்களையும் இல்லத்திற்கு அழைத்து, வகைவகையாகச் சமைத்து விருந்தளிப்பார்கள். நறுமணத்தில் அவர்களுக்குப் பெருவிருப்பம். அவர்கள் வருவதை, கண்ணில் படுமுன்னரே மணத்தால் அறிந்துகொள்வார்களாம். உடையிலும் அப்படியே. கிழிந்த ஆடையுடன் அவைக்கு வந்த ஒருவரிடம், தொழுகை விரிப்பின் கீழிருந்த ஆயிரம் திர்ஹம்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தாம் வசதியுள்ளவரே என்று அவர் கூறவும், "அப்படியானால் உமது தோற்றத்தை மாற்றிக்கொள்ளும், உம்மைக் கண்டு நண்பர் வருந்தலாகாது" என்ற பொருள்பட அறிவுறுத்தினார்கள்.

வணிகத்தில் அவர்களின் போக்கு வாங்க வந்தவரையும் விற்க வந்தவரையும் ஒருசேர வியக்கச் செய்தது. ஒரு பெண் பட்டாடை ஒன்றை விற்க வந்து நூறு திர்ஹம் கேட்டார். "இதன் மதிப்பு அதற்கும் மேல்" என்றார்கள் இமாம். அவர் நூறு நூறாக உயர்த்தி நானூறு வரை வந்தபோதும் அதே மறுமொழி. "என்னைக் கேலி செய்கிறீரா?" என்று அப்பெண் கேட்க, விலை மதிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துவரச் செய்து, ஐந்நூறுக்கு வாங்கிக்கொண்டார்கள். மற்றொரு முதியவள், தான் ஏழை என்றும் அடக்கவிலைக்கே துணி தருமாறும் வேண்டினாள். "நான்கு திர்ஹம் கொடுங்கள்" என்றார்கள். அவளும் கேலி என்றே எண்ணினாள். இரண்டு துணிகளை வாங்கியதாகவும், ஒன்றை விற்றதிலேயே இரண்டின் முதலும் நான்கு திர்ஹம் குறையக் கைக்கு வந்துவிட்டதாகவும் இமாம் விளக்கினார்கள். கணக்கில் பிழையில்லை, ஆனால் எந்த வணிகர் அப்படிக் கணக்குப் பார்ப்பார்?

கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்திர் ரஹ்மானுக்குச் சரக்கு அனுப்பியபோது, அதில் ஒரு துணியில் பழுது இருப்பதையும், அதைச் சொல்லியே விற்க வேண்டும் என்பதையும் தெரிவித்திருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அச்சரக்கின் விற்பனைத் தொகை முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள்.

ஃபிக்ஹு நூல்களின் வணிகப் பாடங்களைப் படிக்கும்போது இக்கடையின் நினைவு எழாமல் இருப்பதில்லை. அடக்கவிலைக்கே விற்பதை 'தவ்லியா' என்றும், அடக்கவிலையைச் சொல்லி ஆதாயம் சேர்த்து விற்பதை 'முராபஹா' என்றும் சட்டம் பிரிக்கிறது. இரண்டிலும் விற்பவர் சொல்லும் முதலை நம்பியே வாங்குபவர் பணம் தருகிறார். எனவே பொய்க்கு இடமில்லை. காணாத பொருளை வாங்கியவர், கண்டபின் வேண்டாமென்று திருப்பிவிடும் உரிமையை ஹனஃபி மத்ஹபு வழங்குகிறது. மூட்டையைப் பிரித்துக் காட்டிப் பழகிய கையின் அனுபவம் இதில் உண்டு என்பது நம் எண்ணம்.

ஆதாயம் எங்கே சென்றது? சரக்கைப் பக்தாதுக்கு அனுப்பி, அத்தொகையில் பொருள்கள் வாங்கி வரச்செய்து, ஆண்டு ஆதாயத்தில் அறிஞர்களுக்கு உணவும் உடையும் வழங்குவார்கள். (பக்தாத் நிறுவப்பட்டதே கி.பி. 762இல், ஆகவே இது அவர்களின் இறுதி ஆண்டுகளின் செய்தியாகவே இருக்க வேண்டும்.) வறுமையால் பாடத்தை விட இருந்த அபூ யூஸுஃபுக்கு நூறு திர்ஹம் பை தந்து, தீர்ந்ததும் சொல்லுமாறு கூறியதும், அவர் கேளாமலேயே மீண்டும் மீண்டும் கொடுத்து வந்ததும் புகழ்பெற்ற செய்திகள்.

அண்டை வீட்டில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். பகலெல்லாம் உழைத்து, இரவில் மது அருந்தி, தம்மை எல்லோரும் கைவிட்டதாகப் பாடுவார். இமாம் தம் இரவுத் தொழுகையினூடே அதைக் கேட்டிருப்பார்கள். ஓரிரவு பாட்டு ஒலிக்கவில்லை. காவலர் பிடித்துச் சென்றதை அறிந்து, மறுநாள் ஆளுநரிடம் நேரில் சென்று விடுவித்தார்கள். "நாம் உம்மைக் கைவிட்டோமா?" என்று அவரிடம் கேட்டார்களாம்.

தமக்கென்று ஆளுநரிடம் அவர்கள் எதையும் கேட்டதில்லை. உமையா ஆட்சியில் ஈராக்கின் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி தர முன்வந்தபோது மறுத்துக் கசையடி பெற்றார்கள். அப்பாஸியக் கலீஃபா மன்ஸூர் காழிப் பதவியை வற்புறுத்தியபோதும் மறுத்தார்கள். அவரது அன்பளிப்புகளையும் ஏற்கவில்லை. கூஃபாவின் கடை அடுப்பெரியப் போதுமானதாக இருந்ததால், ஆட்சியாளரின் கருவூலத்தை எதிர்பார்க்கும் நிலை அவர்களுக்கு இல்லை. மஹல்லாவின் சிறு சம்பளத்தை மட்டுமே நம்பி வாழும் நம் ஆலிம்களில் எத்தனை பேருக்கு இன்று இந்த வாய்ப்பு இருக்கிறது?

மன்ஸூர் அவர்களைச் சிறையிலிட்டார். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் அவர்கள் வஃபாத்தானார்கள். அவர்கள் மறுத்த அதே நீதித்துறையில், நூறு திர்ஹம் பையால் படித்து முடித்த அபூ யூஸுஃப் பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காழியாக அமர்ந்தார்.