இருநூறு கப்பிகள் இடம் மாறிய கதை

மீன் தொட்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பாடம் இதுதான். கப்பி குட்டி போட்டதும் தாயைப் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் பெற்றவளே தின்றுவிடுவாள். குஞ்சுகளைத் தனியாக வளர்த்து, மற்ற மீன்களின் வாய்க்குள் நுழையாத அளவுக்கு வந்த பிறகுதான் பெரிய தொட்டியில் விட வேண்டும்.

இதில் என்ன சரித்திரம் வேண்டிக் கிடக்கிறது என்கிறீர்களா? இருக்கிறதே! "யாரோடு சேர்த்து விடுகிறோம்" என்ற அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, டிரினிடாட் தீவின் மலை ஓடைகளில் சிலர் கப்பிகளைப் பிடித்து இடம் மாற்றிப் பார்த்தார்கள். பரிணாமம் கண்ணெதிரே நடக்குமா என்ற கேள்விக்குக் கிடைத்த நல்ல பதில்களில் ஒன்று அங்கிருந்துதான் வந்தது.

முதலில் பெயர்க் கதை. வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மீனை வைத்து 1859இல் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். டிரினிடாடில் பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீன்களைப் பார்த்த லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்து குந்தர், புது இனம் என்று நினைத்து 1866இல் அவர் பெயரையே வைத்தார். பிறகு முந்தைய பெயர்தான் செல்லும் என்று ஆகிவிட்டது. புத்தகத்தில் பீட்டர்ஸ் ஜெயித்தார், கடைத்தெருவில் கப்பி ஜெயித்தார். எது பெரிய வெற்றி என்று சொல்லவே வேண்டாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மீன் ஐரோப்பியத் தொட்டிகளுக்குப் போனது. 1920இல் டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட், ஆண் கப்பியின் ஒரு நிறப்புள்ளி அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது என்று காட்டினார். வின்கே என்பவர் அதே வழியில் மேலும் போனார். தொட்டியில் குஞ்சு வளர்த்தே மரபியல் படிக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் சுவாரஸ்யமான கட்டம் ஓடையில்தான்.

டிரினிடாடின் வடக்கு மலைத்தொடரில் ஓடைகள் அருவி அருவியாக இறங்கும். அருவிக்குக் கீழே பைக் சிக்லிட் என்ற முரட்டு மீன் உண்டு. வளர்ந்த கப்பியையே விழுங்கும். அருவிக்கு மேலே அது ஏற முடியாது. அங்கே ரிவுலஸ் என்ற சின்ன மீன்தான் ஆபத்து. அதன் வாய் சிறிது, அதனால் பெரும்பாலும் குஞ்சுகளைத்தான் தின்னும். ஒரே ஓடை, ஒரே மீன். மேலே குஞ்சுக்கு எமன், கீழே பெரியவர்களுக்கு எமன்!

கீழே வாழும் கப்பிகள் சீக்கிரமே வயதுக்கு வந்து, நிறைய, ஆனால் பொடிப்பொடிக் குஞ்சுகளாகப் போடுகின்றன. மேலே உள்ளவை நிதானமாக வளர்ந்து, கொஞ்சமாக, ஆனால் பெரிய குஞ்சுகளாகப் போடுகின்றன. வியாபாரக் கணக்கில் சொன்னால் முதல் ஒன்றுதான். நாளைக்குக் கடை இருக்குமா என்று தெரியாதவன் இன்றைக்கே எல்லாச் சரக்கையும் தள்ளிவிடுவான். கடை நிலைக்கும் என்று நம்புகிறவன் தரத்தில் போடுவான். கப்பிக்குக் கணக்கு தெரியாது. தப்பாகப் போட்டவற்றின் வம்சம் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க என்ன வழி? இடம் மாற்றிப் பார்ப்பதுதான். விஞ்ஞானி ஜான் எண்ட்லர் 1976இல் அரிப்போ ஓடையில் சிக்லிட் உள்ள பகுதியிலிருந்து 200 கப்பிகளைப் பிடித்து, ரிவுலஸ் மட்டுமே இருந்த, கப்பியே இல்லாத ஒரு கிளை ஓடையில் விட்டார். 1978இல் போய்ப் பார்த்தால், ஆண் மீன்களில் நிறப்புள்ளிகள் கூடியிருந்தன. பளபளப்பாக இருந்தால் பெண் கவனிக்கும், எதிரியும் கவனிப்பான். பெரிய எதிரி இல்லாத ஊரில் அலங்காரத்துக்குத் தடை ஏது?

டேவிட் ரெஸ்னிக் எண்ட்லரோடு சேர்ந்து இதே மீன்களின் வம்சத்தைத் தொடர்ந்து பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டார். 11 வருடத்தில், அதாவது 30 முதல் 60 தலைமுறைக்குள், குடிபெயர்ந்த கப்பிகள் பிந்தி வயதுக்கு வந்து, பெரிய குஞ்சுகளைக் குறைவாகப் போடும்படி மாறியிருந்தன.

இங்கே ஒரு சந்தேகம் நியாயமாக வரும். புது இடத்தில் சாப்பாடு வேறு, தண்ணீர் வேறு. அதனால் வந்த மாற்றமாக இருக்கக் கூடாதா? இதற்கு அவர்கள் செய்ததுதான் இந்தக் கதையிலேயே அழகான பகுதி. இரண்டு ஓடைகளின் மீன்களையும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, ஒரே மாதிரி தொட்டி, அளந்த தீனி என்று வைத்து இரண்டு தலைமுறை குஞ்சு வளர்த்தார்கள். வித்தியாசம் அப்படியே நின்றது. அது பரம்பரைச் சொத்து என்று உறுதியானது. குஞ்சைத் தனியே பிரித்து வளர்க்கும் அந்தப் பழைய வேலைதான், இம்முறை சாட்சி சொன்னது.

இனி மறுபக்கம். எண்ட்லருக்கு முன்பே, 1957இல், கேரில் ஹாஸ்கின்ஸ் என்பவர் கரோனி ஆற்றுப் படுகையிலிருந்து 200 கப்பிகளை எடுத்து, ஓரோபூச் படுகையைச் சேர்ந்த டுரூரே ஓடையின் மேல்பகுதியில் விட்டிருந்தார். அங்கே அதுவரை கப்பி இல்லை. அருவி இருக்கிறது, மேலே விட்டது மேலேயே இருக்கும் என்று யாரும் நினைக்கலாம். ஆனால் அருவி ஒருவழிப் பாதை! மேலே ஏறத்தான் முடியாது, இறங்கத் தடையில்லை.

ஒரு பெண் கப்பி போதும். ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை மாதக் கணக்கில் உடம்பில் சேமித்து வைத்து, ஆண் துணையே இல்லாமல் அடுத்தடுத்துக் குட்டி போடும். 2011இல் வெளியான ஒரு ஆய்வில், தொட்டிக்கு ஒரே ஒரு பெண்ணாக விட்டதில் பெரும்பாலான தொட்டிகளில் இரண்டு வருடம் கழித்தும் கூட்டம் நிலைத்திருந்தது. கொசுப்புழுவைத் தின்னும் என்று கிணற்றிலும் சாக்கடையிலும் விட்டது பாதி, தொட்டி சலித்துப்போய்க் கொட்டியது மீதி என்று, இன்றைக்கு இந்தியா உட்பட 60க்கும் மேற்பட்ட நாடுகளில் கப்பி காட்டு மீனாக வாழ்கிறது. அது வந்த பிறகு அங்கிருந்த சிறு மீன்கள் என்னவாயின என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு.

டுரூரேயில் பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மரபணுவைச் சோதித்தபோது, மேலே விட்ட கரோனி வம்சம் அருவிகளைத் தாண்டி இறங்கி, கீழே காலங்காலமாக இருந்த ஓரோபூச் கப்பிகளின் இடத்தைப் பெருமளவு பிடித்திருந்தது. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே கப்பிதான்.