நாகரிகத்துக்கு அளவுகோல் எது?

நாகரிகம் எண்டால் நகரம், அரசு, எழுத்து எண்டுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆதி நகரங்களுக்குத் தொல்லியல் அறிஞர் கோர்டன் சைல்ட் 1950இல் வகுத்த பத்து அடையாளங்களிலும் எழுத்து ஒன்று.

தென்னமெரிக்காவின் இன்கா மக்களிடம் எழுத்து இல்லை. வண்டிச் சில்லும் இல்லை. ஆனால் மலைகளுக்கூடாக 30,000 கிலோமீற்றருக்கு மேல் வீதி வைத்திருந்தார்கள். சாந்தில்லாமல் கல்லோடு கல் பொருத்திச் சுவர் கட்டினார்கள். சனத்தொகை, வரிக் கணக்குகளை 'கீப்பு' என்ற முடிச்சுக் கயிறுகளில் பதிந்தார்கள். 1532இல் நாடு பிடிக்க வந்த ஸ்பானியரே அந்த வீதிகளைக் கண்டு வியந்து எழுதினார்கள்.

இவர்களை நாகரிகம் இல்லாதவர்கள் எண்டு சொல்லலாமோ? சுமேரியா, எகிப்து போன்ற நாடுகளைப் பார்த்துச் செய்த அளவுகோல் அந்தீஸ் மலைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். 'நாகரிகமற்றவர்' என்று எங்கையாவது வாசித்தால், எதை வைத்து அளந்தீர்கள் எண்டு கேட்க எங்கட பிள்ளைகளைப் பழக்குவோம்.